புதிய தாதியும் அவள் வீட்டாரும்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள பழுகாமம் போன்ற ஊர்களில் ஒரு பிள்ளை தாதி உத்தியோகத்தராக நியமனம் பெற்றால், அது அந்த வீட்டுக்கு மட்டுமன்றி ஊருக்கே பெருமை. மூன்று ஆண்டுப் பயிற்சி முடிந்தது. அரசாங்க உத்தியோகமும் கிடைத்தது. இனிக் கவலை இல்லை என்று பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். ஆனால் தாதித் தொழிலைப் பொறுத்தவரை கடினமான காலம் அப்போதுதான் தொடங்குகிறது. முதல் ஓராண்டில் நல்ல பிள்ளைகள் சிலர் மனம் உடைந்து, "எனக்கு இந்த வேலை சரிவராது" என்று வீட்டில் அழுவதுண்டு. அந்த நேரத்தில் வீட்டார் சொல்லும் ஒரு சொல் அவளை நிலைநிறுத்தவும் கூடும், தொழிலைவிட்டே துரத்தவும் கூடும். ஆகவே அந்த ஓராண்டில் விடுதியில் என்ன நடக்கிறது என்பதைக் குடும்பத்தவர் அறிந்திருப்பது நல்லது. இங்கே மகள் என்று எழுதுவதெல்லாம் இத்தொழிலுக்குச் செல்லும் மகனுக்கும் பொருந்தும்.

அதிர்ச்சி ஏன் வருகிறது?

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1860ஆம் ஆண்டில் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார். அன்று முதல் தாதித் தொழில் படித்துப் பெறவேண்டிய ஒரு கலையாக மதிக்கப்பட்டு வருகிறது. ஆனால் படித்த படிப்புக்கும் விடுதி வேலைக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்கத் தாதியான மார்லின் கிரேமர் 1974இல் வெளியிட்ட நூலில் இதனை "நிதரிசன அதிர்ச்சி" என்னும் கருத்தில் விளக்கினார்.

பயிற்சிக் காலத்தில் ஒரு நோயாளியை எடுத்து, ஆசிரியை பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு படியாகச் செய்து பழகுகிறார்கள். வேலைக்கு வந்ததும் விடுதி நிறைய நோயாளர். ஒருவருக்குச் சேலைன் முடிகிறது; இன்னொருவர் வாந்தி எடுக்கிறார்; வைத்தியர் சுற்றுக்கு வருகிறார்; வாசலில் உறவினர் நின்று கேள்வி கேட்கின்றனர். எதை முதலில் செய்வது என்பதே பெரும் பாடம். அது புத்தகத்தில் முழுமையாக வராது.

பற்றீசியா பென்னர் என்னும் தாதியியல் அறிஞர் 1984இல் எழுதிய நூலில், ஒரு தாதி ஐந்து படிகளில் வளர்கிறாள் என்று காட்டினார். தொடக்கநிலை, முன்னேறிய தொடக்கநிலை, தகுதிநிலை, தேர்ச்சிநிலை, வல்லுநர் நிலை என்பன அவை. ஒரே வகையான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற பின்னரே தகுதிநிலை வருகிறது என்பது அவர் கண்டது. எனவே ஆறாம் மாதத்தில் உங்கள் மகள் தடுமாறினால், அவள் ஏறவேண்டிய படியில்தான் நிற்கிறாள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

மருந்து கொடுக்கும் வேளை

புதிய தாதி அதிகம் அஞ்சுவது மருந்துப் பிழைக்கே. அஞ்சுவதில் நியாயம் உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கவேண்டும். 0.25 என்று எழுதவேண்டிய இடத்தில் புள்ளி ஓரிடம் தள்ளி 2.5 என்றாகிவிட்டால் மருந்து பத்து மடங்காகிறது. இன்சுலின் அலகைக் குறிக்கும் ஆங்கில எழுத்து அவசரக் கையெழுத்தில் பூச்சியமாகத் தோன்றினால், பத்து அலகு நூறாகிவிடும். ஒரே பெயருடைய இருவர் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பதும் நம் ஊர்களில் புதுமையல்ல. ஆகையால் "நீங்கள் கந்தையாவா?" என்று கேட்பதைவிட, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, டிக்கட்டையும் பார்ப்பதே முறை. காது மங்கிய முதியவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார் அல்லவா?

மருந்து எண்ணும்போது குறுக்கே பேசினால் பிழை நேர வாய்ப்புக் கூடுகிறது. நீங்கள் நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது, தாதி மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் சற்றுப் பொறுத்துப் பேசுங்கள். அங்கே நிற்பவளும் யாரோ ஒருவருடைய மகள்தான்.

கண்ணும் கடிகாரமும்

தாதியின் வேலையில் பெரும்பகுதி பார்த்துக்கொண்டிருத்தல். வெளியே இருப்போருக்கு அது வேலையாகத் தெரிவதில்லை. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கவனியுங்கள்.

முதலாவது டெங்கு. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். காய்ச்சல் விட்டதும் வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் இந்நோயில் ஆபத்தான காலம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதே தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதே காரணம். அப்போது இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. 100க்கு 80 என்று வந்தால், மேல் எண் 100 இருக்கிறதே என்று அமைதியடையலாகாது. இடைவெளி 20 ஆகச் சுருங்கியதே அபாய அறிகுறி. நள்ளிரவில் இந்த எண்ணைக் கண்டு, உடனே வைத்தியரை எழுப்பவேண்டியவள் அந்தப் புதிய தாதிதான்.

இரண்டாவது பாம்புக்கடி. வயல் சூழ்ந்த படுவான்கரையில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புடையன் கடித்தவருக்கு இரத்தம் உறையும் தன்மை கெடுகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சரித்துப் பார்க்கவேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு உடலில் பரவியிருக்கிறது என்று கொள்ளலாம். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்ரிக் குழாயில் விட்டாலும், சவர்க்காரத் தூளால் கழுவிய குழாயில் விட்டாலும் விடை பிழைத்துவிடும். பாம்பு விஷத்துக்கான எதிர்மருந்து ஏற்றும்போது உடல் தடிப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன வரக்கூடும். ஆதலால் தாதி நோயாளியை விட்டு அகலாமல் கவனிக்கவேண்டும். பரியாரியிடம் காட்டிக் காலம் கடத்திய பின் வைத்தியசாலைக்குக் கொண்டுவருவோர் இந்த வேலையை எத்தனை மடங்கு கடினமாக்குகிறார்கள் என்பதைச் சிந்தியுங்கள்.

வாய்திறந்து கேட்டல்

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். வீட்டில் அது பண்பு. விடுதியில் அதே பழக்கம் ஓர் உயிருக்கு ஆபத்தாகலாம். மருந்து அளவு பிழைபோலத் தோன்றியும், "வைத்தியரிடம் எப்படிக் கேட்பது? பொறுப்புத் தாதி ஏசுவாரே!" என்று ஒருத்தி மௌனமாயிருந்தால், அந்த மௌனத்தின் விலையை நோயாளிதான் கொடுக்கவேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. நோயாளி யார், இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், தங்களிடம் என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்வது. "ஐயா, ஏழாம் கட்டில் பிள்ளைக்கு டெங்கு. நேற்றுக் காய்ச்சல் விட்டது. இப்போது அழுத்தம் 100க்கு 80, கைகால் குளிர்கிறது. வந்து பாருங்கள்" என்றால் மறுப்பார் எவரும் இரார். கடமை மாறும்போது அடுத்தவருக்கு ஒப்படைப்பதும் இவ்வாறே இருக்கவேண்டும்.

மொழியும் ஒரு தடையே. டிக்கட்டில் ஆங்கிலம், நோயாளியிடம் தமிழ், வேறு மாவட்டத்தில் நியமனம் கிடைத்தால் சிங்களமும் வேண்டும். பயிற்சிக்குப் போகும் முன்பே மூன்றாம் மொழியைப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் ஆண்டு பாதி இலேசாகும்.

ஊசி முனை

பாவித்த ஊசி கையில் குத்தினால் மஞ்சள் காமாலை வகையான ஈரல் அழற்சியும், எய்ட்ஸ் கிருமியும் தொற்ற இடமுண்டு. பாவித்த ஊசிக்கு மீண்டும் மூடி போடலாகாது. குத்திவிட்டால் அந்த இடத்தை அழுத்திப் பிதுக்காமல் ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, உடனே அறிவிக்கவேண்டும். எய்ட்ஸ் கிருமிக்கு எதிரான தடுப்பு மருந்தை இயன்றவரை விரைவாக, 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். வெட்கத்தாலோ பயத்தாலோ மறைத்தால் இந்த நேரம் கைநழுவிவிடும். ஈரல் அழற்சி "பி" தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா என்று பெற்றோரே கேட்டுப் பாருங்கள்.

இராக்கடமையும் வீடும்

இராக்கடமை பெரும்பாலும் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை. பழுகாமத்திலிருந்து மட்டக்களப்பு நகருக்கு 30 கிலோமீற்றருக்கும் மேல். காலையில் கடமை முடித்துப் பஸ்ஸில் களுவாஞ்சிகுடி வந்து, பட்டிருப்புப் பாலம் கடந்து வீடு சேரும்போது வெயில் ஏறிவிடும். பிறகு சமையல், துணி தோய்த்தல், வந்த விருந்தினரை உபசரித்தல் என்று பகல் கழிந்தால் அவள் எப்போது உறங்குவாள்? உறங்காத கை மருந்தளவில் பிழை விடும். உறங்காத கண் மோட்டார் சைக்கிளில் வீதியை மறக்கும். இருண்ட அறை, அமைதியான ஐந்தாறு மணி நேரம், எழுந்தவுடன் சூடான சோறு ஆகியவற்றை அவளுக்குக் கொடுப்பது வீட்டாரின் கடமை. "பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறாள்" என்று சொல்ல அயலவரை விடாதீர்கள்.

அவள் கைகளில் முதன்முதலாக ஒருவர் உயிர்விடும் நாளும் வரும். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் வந்தபோதும், 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோதும் காயப்பட்டோர் நம் வைத்தியசாலைகளுக்கே வந்தனர். அத்தகைய நாளில் இவள் புதியவள் என்று யாரும் பார்ப்பதில்லை. வீடு திரும்பியவள் பேசாதிருந்தால் வற்புறுத்தாதீர்கள். பேசினால் இடையில் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். பல வாரமாகியும் உறக்கமும் உணவும் திரும்பாவிட்டால் உளநல வைத்தியரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கமில்லை.

அயலவருக்கும் ஒரு சொல்

ஊரில் தாதி ஒருத்தி இருந்தால் அவள் வீடே மருந்தகம் ஆகிவிடுகிறது. அழுத்தம் பார்க்கச் சொல்வது சரி. ஆனால் வைத்தியர் எழுதித் தராத ஊசியைப் போடச் சொல்வது அவளைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். நெஞ்சு நோவு வந்தவரை அவள் வாசலுக்குக் கொண்டுபோய் நேரம் போக்காமல், பழுகாமம் வைத்தியசாலைக்கோ களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ நேரே கொண்டுசெல்லுங்கள். "மாட்டேன்" என்று அவள் சொன்னால் அதைத் தலைக்கனம் என்று எண்ணவேண்டாம்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அனுபவமுள்ள தாதியர் பலர் வெளிநாடு சென்றனர். புதியவர்களுக்கு வழிகாட்டும் கைகள் குறைந்துள்ள இக்காலத்தில், முதல் ஆண்டில் ஒருத்தியை இழப்பது பெரும் நட்டம். திருமணப் பேச்சில் "வேலையை விடவேண்டும்" என்று நிபந்தனை போடுவோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

குடும்பத்தில் கலந்துபேச

1. நம் வீட்டுப் பிள்ளை தவறு நேர்ந்தால் அச்சமின்றி வந்து சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்கிறதா?
2. இராக்கடமை முடிந்து வருபவளின் பகல் வேலைகளை யார் யார் பங்கிட்டுக்கொள்வது?
3. வைத்தியசாலையில் ஒரு புதிய தாதி தடுமாறுவதைக் கண்டபோது நாம் கடைசியாக என்ன சொன்னோம்?