இலவசமா, கட்டற்றதா?

"அண்ணே, ஆண்ட்ராய்டு ஃப்ரீதானே?" ஜொகூர் பாருவில் நம் இளைஞர் வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி. ஆங்கிலச் சொல்லில்தான் குழப்பம், தமிழில் இல்லை. காசு வாங்காதது இலவசம். மூல நிரலைப் படிக்க, திருத்த, பிறருக்குக் கொடுக்க உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டது இரண்டாவதைத்தான்.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்த நிரல். லினக்ஸ் மேல் நிற்பது. யாரும் எடுத்துத் திருத்தலாம். ஆனா பிளே ஸ்டோர், ஜிமெயில், மேப்ஸ் எல்லாம் கூகுளின் தனியுடைமை. 2019-இல் அமெரிக்கத் தடை வந்தபோது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஹுவாவெய் தன் புதிய போன்களில் ஆண்ட்ராய்டைப் போட முடிந்தது, பிளே ஸ்டோரைப் போட முடியவில்லை. நம்மாளுங்க கடையில் "கூகுள் இருக்கா?"ன்னு கேட்டு வாங்கத் தொடங்கியது அப்புறம்தான்.

ஐபோனில் சாவி முழுக்க ஆப்பிள் கையில். எதைச் சேர்க்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பிறர் செய்த விசைப்பலகையை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த 2014-இல் ஐஓஎஸ் 8 வரும்வரை வழியில்லை. ஆண்ட்ராய்டில் அந்த வாசல் 2009-லேயே திறந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் செல்லினத்தில் தமிழ் தட்டுகிற நமக்கு இது சின்ன விஷயமா? (செல்லினமும் இலவசம்தான், கட்டற்றது அல்ல. அதனால் அதன் அருமை குறையாது.)

கட்டற்ற செயலிகளைப் பழகிப் பார்க்க எஃப்-டிராய்டு களஞ்சியம் போதும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் பட்டியலில் இருந்தால் லினியேஜ் ஓஎஸ் ஏற்றிப் பாருங்கள். தினமும் பயன்படுத்தும் போனில் வேண்டாம். வங்கிச் செயலி சிலது அதில் ஓடாது.