ஜூன் 5இல் நட்ட கன்றுகள்

அன்பின் மகளுக்கு,



நீ அனுப்பிய வரைபடத்தை இரண்டு நாளாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலகத்தைக் காலநிலை வலயங்களாகப் பிரித்து, நம் ஊரான கனமூலையின் நிறம் வேறு எங்கெல்லாம் விழுகிறது என்று தேடி, அந்த நாடுகளின் மரங்களையெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறாய். “இவற்றில் எதை நடலாம், சேர்?” என்று கேட்டிருக்கிறாய். பட்டியலைத் தொடுவதற்கு முன்னால், என் கையால் செத்த கன்றுகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. உலக சுற்றாடல் தினம், ஜூன் 5. ஒரு பள்ளிக்கூட வளவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மகோகனிக் கன்றுகள் நட்டேன். ஈர வலயத்து நாற்றுமேடையில் வளர்ந்து லொறியில் வந்த கன்றுகள். கொழும்புக்கு அது நல்ல நாள்தான். தென்மேல் பருவமழை அங்கே அப்போதுதான் இறங்கும். நமக்கு அந்தப் பருவத்தில் கச்சான் காற்று வரும், மழை வராது. மணல் சுட்டது. கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தோம். ஓகஸ்ட் விடுமுறை முடிந்து வந்தபோது கம்பி வேலி மட்டும் நின்றது. ஒரு சின்னப் பிள்ளை தன் பெயர் எழுதி நட்டிருந்த தடியைப் பிடுங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனது. அந்தத் தடிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் வரைபடத்துக்கு அடிப்படை போட்ட விளாடிமிர் கோப்பென் தாவரவியல் படித்தவர். 1884இல் தொடங்கி, 1900இல் முறைப்படுத்தி, சாகும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் இயல்பாக வளரும் செடிகொடிகளே அந்த இடத்தின் மழையையும் வெயிலையும் சொல்லும் கருவி என்பது அவர் எண்ணம். எழுத்துகளும் எண்களும் அதற்குப் பிறகு வந்தவை. ஆகவே வரைபடத்தை மரத்துக்கு மேலே வைக்காதே. மரத்தைப் பார்த்துத்தான் அந்தக் கோடுகளே போடப்பட்டன.

அவர் கணக்கில் நாம் வெப்பவலயத்துப் புல்வெளிக் காலநிலை. மிக வறண்ட மாதத்தில் 60 மில்லிமீற்றர் மழைகூட இல்லாத நிலம். அதற்குள்ளே இரண்டு வகை உண்டு: குளிர்கால அரையாண்டு வறண்டது ‘டபிள்யூ’, கோடை அரையாண்டு வறண்டது ‘எஸ்’. ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் வட அவுஸ்திரேலியாவிலும் இந்தியாவின் உள்நாட்டிலும் பெரும்பாலும் முதல் வகை. நாமும் மன்னாரும் யாழ்ப்பாணமும் தமிழ்நாட்டுக் கடற்கரையும் இரண்டாவது வகை. உலகத்தில் இது அரிது. அரிது என்பதாலேயே பல வரைபடங்கள் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே நிறம் தீட்டிவிடுகின்றன. உன்னுடையதும் அப்படித்தான். ஆண்டு மழை ஒத்துப்போகும், மாதம் ஒத்துப்போகாது. கோடை நடுவில் மழை குடித்துப் பழகிய மரத்தின் விதையை இங்கே கொண்டுவந்தால், அது துளிர்க்க நினைக்கும் நேரத்தில் நம் மண் காய்ந்து கிடக்கும். நிறத்தை நம்புமுன் பன்னிரண்டு மாத மழையையும் வரிசையாக எழுதிப் பார்.

கடல் கடந்த மூன்று மரங்களை உனக்கு நினைவூட்டுகிறேன். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களிடம் கேள், அரஃபா வெளியில் வேப்ப நிழலில் நின்றதைச் சொல்வார்கள். 1980களில் அங்கே ஏறத்தாழ 50,000 வேம்புகள் நடப்பட்டன. மக்காவின் நிறமும் நம் நிறமும் ஒன்றல்ல, அது பாலைவனம். அங்கே வேம்பைக் காப்பது மனிதர் ஊற்றும் தண்ணீர்.

மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆப்பிரிக்கப் புல்வெளியின் பிள்ளை. அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். இங்கே காலூன்றி, நூற்றாண்டுகள் வாழ்ந்தும் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை.

மூன்றாவது சீமைக்கருவேல். உவர் நிலத்தைத் திருத்தலாம் என்ற நல்லெண்ணத்தோடு 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கம் கொண்டுவரப்பட்டது. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட புந்தலவில் இன்று பறவைகளின் இடத்தை அது விழுங்குகிறது. இராமநாதபுரத்தாரிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள். அதற்கு இந்தக் காலநிலை அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டது. இந்த மரம் இங்கே பிழைக்குமா என்பதற்கு வரைபடம் பதில் தரும். பிழைத்தபின் அயலாரோடு எப்படி வாழும் என்று அதைக் கேட்க முடியாது.

இன்னொன்று. 2018இல் வெளியான நுட்பமான உலக வரைபடத்திலும் ஒரு கட்டம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். நம் ஊரில் அந்த ஒரு கட்டத்துக்குள் என்னென்ன அடங்கும் என்று நடந்து பார். மேட்டு மணலில் தென்னந்தோட்டம். நம் மழை மட்டும் தென்னைக்குப் போதாது, மணலுக்கடியில் நிற்கும் நன்னீர்தான் அதைத் தாங்குகிறது. களப்புப் பக்கம் இறங்கினால் உவர்த்தரை, கைவிட்ட இறால் குளங்கள், அப்பால் கண்டல். நிறம் ஒன்று, நிலம் நான்கு. சுனாமிக்குப் பின் இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை கண்டல் நட்டார்கள். நிலைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர்தான் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. காலநிலை மாறவில்லை. நீர்மட்டம் பார்க்காமல், கண்டலுக்குள்ளும் இனம் பார்க்காமல் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததும்தான் காரணம்.

அதனால் மகளே, வரைபடத்தை வேண்டாதவற்றைத் தள்ளுவதற்கு வைத்துக்கொள். குளிர்நாட்டு மரத்தையும் ஆண்டு முழுக்க மழை கேட்கும் மரத்தையும் அது நொடியில் நீக்கித் தரும். அது பெரிய உதவி. மிஞ்சியதில் தேர்வு செய்வதை இந்த மண்ணிடம் விடு. பாலை, வீரை, முதிரை, வேம்பு, புளி, நாவல் என்று நம் உலர் வலயத்திலேயே நிற்பவற்றை முதலில் எழுது. உவர் ஓரத்துக்கு உகாய் இருக்கிறது. நாம் மிஸ்வாக் குச்சி ஒடிக்கும் அதே மரம். ஒரே இனமானாலும் ஈர வலயத்துத் தாய்மரத்தின் விதையை எடுக்காதே. நம் வறட்சியைக் கண்டு தேறிய தாய்மரத்தைத் தேடு. நீ நடுவது இந்த நூற்றாண்டின் கடைசியிலும் நிற்க வேண்டும். 2071 முதல் 2100 வரைக்குமான வரைபடத்தையும் அந்த 2018 வரைபடத்தை வெளியிட்ட ஆய்வாளர்களே தந்திருக்கிறார்கள். அதையும் பக்கத்தில் வைத்துப் பார்.

ஜூன் 5ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தப் பருவத்தில்தான் பாலை பழுக்கும், வேம்பும் பழுத்து உதிரத் தொடங்கும். வேப்பம் விதை நாள்பட்டால் முளைக்காது. பொறுக்கிய கையோடு பையில் போட வேண்டும். பிள்ளைகளை அன்று மண்வெட்டியோடு நிறுத்தாதே, கூடையோடு மரத்தடிக்கு அழைத்துப் போ. வேப்பங்கன்றுகள் ஒக்டோபர் மழைக்குத் தயாராகிவிடும். பாலை மெல்ல வளரும். அடுத்த ஆண்டு, தேவைப்பட்டால் அதற்கும் அடுத்த ஆண்டு மாரிவரை நாற்றுமேடையிலேயே இருக்கட்டும். மண் ஒரு முழம் நனைந்த பிறகு நடு. பக்கத்தில் தடி ஊன்றி, பிள்ளைகளின் பெயரை எழுது.

வரும் ஜூனில் எனக்கும் ஒரு கூடை எடுத்து வை. நானும் வருகிறேன்.

வஸ்ஸலாம்.

உன் பழைய ஆசிரியன்