உத்தரவாதச் சீட்டும் வாங்குவோர் உரிமையும்

தீபாவளி, பொங்கல் நெருங்குங்கால் நம் அங்கத்தினர் பலர் சென்னைத் தியாகராய நகருக்குச் செல்வது வழக்கம். நெய்த சேலையைக் கடைக்குக் கொடுப்போரும் உண்டு. வீட்டுக்குக் கிரைண்டரும் தொழிலுக்குத் தையல் இயந்திரமும் வாங்கி வருவோரும் உண்டு. ஆகவே, விற்போர், வாங்குவோர் என்னும் இரு நிலையிலும் உத்தரவாதம் இன்னதென நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கியாரண்டி என்றால் மாற்றித் தருவர், வாரண்டி என்றால் பழுதுபார்த்துத் தருவர் என்று சொல்வதுண்டு. பெயரை மட்டும் நம்புவதில் பயனில்லை. சீட்டில் உள்ள வாசகத்தையே பார்த்தல் வேண்டும். எத்தனை மாதம், எந்தப் பாகங்களுக்கு, பழுதுபார்க்கும் கூலி யாருடையது, எந்தப் பழுதுகள் விலக்கு என்னும் நான்கையும் பணம் கொடுக்குமுன் படித்தறிக. விற்ற தேதியும் கடை முத்திரையும் சீட்டில் இருத்தல் நன்று.

சீட்டே இல்லாவிடில் உரிமையும் இல்லையோ எனில், அன்று. விவரம் கூறி விற்ற பொருள் அவ்விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதி. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மேலும் கூறுவதாவது: ரசீது தராமை நேர்மையற்ற வாணிபம். குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட கெடுவுக்குள், கெடு குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அத்தகையதே. எனவே, “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்னும் பலகையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

வியாபாரத்துக்கென வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொதுவாக உதவாது. ஆயினும், சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளுக்கு இவ்விலக்குப் பொருந்தாது. தையல் இயந்திரம் ஓடாவிடில் அன்றைய கூலி போயிற்று. அத்தகையோரைச் சட்டம் கைவிடவில்லை. விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

பொருள் பழுதாயின், முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்து மூலம் அறிவித்து நகல் வைத்துக்கொள்க. பயனில்லையேல் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ரூ. 5 லட்சத்துக்கு மேற்படாவிடில் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக்குரிய காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். வாங்கிய இடம் தியாகராய நகராயினும், ஆரணியில் வசிப்பவர் தம் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். பட்டணத்துக்கு அலைய வேண்டுமே என்று நஷ்டத்தைப் பொறுத்திருத்தல் வேண்டா.

இனி நம் கடமை. மேற்கூறிய விதிகள் நமக்கும் உரியன. 2004-இல் ஏற்பட்ட ‘சில்க் மார்க்’ சீட்டு தூய பட்டுக்கே உரியது. 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை கைத்தறித் துணிக்கே உரியது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என விற்பது, வாங்குவோரை வஞ்சிப்பதோடு உண்மையாக நெய்தவரின் கூலியையும் பறிப்பதாகும். சாயம், சரிகை ஆகியவற்றின் தரத்தை ரசீதில் உள்ளபடி எழுதிக் கொடுப்பதே சங்கத்துக்குப் பெருமை.

ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் ஒரே உறையிலிட்டுப் பத்திரப்படுத்தும் வழக்கத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே கைக்கொள்வார்களாக.