அஞ்சறைப் பெட்டிக்குள்ளே ஆயிரம் சேதி

தோழிகளே, இந்தக் குறிப்புகளுக்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. உப்பு, புளி, மஞ்சள், மிளகு எல்லாம் உங்கள் அடுப்படியில் இருப்பவைதான். இவற்றைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லி வைத்ததில் பாதி நம்பிக்கை, மீதி அனுபவம். அந்த அனுபவத்தைப் பிடித்துக்கொண்டால் காசும் மிச்சம், வேலையும் மிச்சம்.

1. விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுக்கக் கூடாது, புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும்தான் போக வேண்டும் என்பார்கள். அத்தனை மரியாதை பெற்ற உப்பு மழைக்காலம் வந்தால் நீர் விட்டுக் கசியும். கல் உப்பைப் பீங்கான் ஜாடியில் வையுங்கள். தூள் உப்பு டப்பாவில் ஒரு ஸ்பூன் பச்சரிசி போட்டு வைத்தால் கட்டி தட்டாது.

2. குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் பிரித்து உறிஞ்சாது, குழம்பையும் சேர்த்துத்தான் குடிக்கும். வெந்த பருப்போ, தேங்காய் விழுதோ, கொஞ்சம் வெந்நீரோ சேர்த்துக் குழம்பின் அளவைக் கூட்டுவதுதான் நிச்சயமான வழி. மிஞ்சுவதை எடுத்து வைத்தால் காலை இட்லிக்கு ஆயிற்று.

3. வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டதா? சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை திடீரென்று சிவந்துபோகும், பயந்துவிடாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்த்ததும் தண்ணீர் சிவக்கிறதே, அதே சங்கதிதான் இது. சோப்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் மஞ்சளைச் சிவக்க வைக்கிறது. நன்றாக அலசிவிட்டு, கறை பட்ட இடம் சூரியனைப் பார்க்கும்படி கொடியில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. ஓரிரு நாள் நல்ல வெயில் பட்டால் வெளுத்துவிடும். கறை நீக்கும் திரவத்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

4. வெயிலுக்கு நிறம் போகும் பொருள் என்பதால் மஞ்சள் தூளைக் கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். மொத்தமாக வாங்கியதை எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அஞ்சறைப் பெட்டியில் நிரப்புங்கள்.

5. பத்து மிளகு கையில் இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது பழமொழி. போர்ச்சுக்கீசியர் வழியாக மிளகாய் இங்கே வந்து சேரும் வரை நம் சமையலின் காரம் மிளகுதான். இன்றும் பல வீடுகளில் திதிச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை. மிளகைத் தூளாக வாங்காமல் முழுசாக வாங்குங்கள், மணம் நீடிக்கும். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், கலப்படமான பப்பாளி விதை மேலே மிதக்கும்.

6. ரசத்துக்கு மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் உரலில் நாலு தட்டு தட்டினால் போதும். மிக்ஸியில் மையாக அரைத்தால் ரசம் கலங்கிப் போகும். புளி பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீரை ஊற்றி, ஓரமெல்லாம் நுரை கட்டி மேலே எழும்பும்போதே இறக்கிவிடுங்கள். கொத்தமல்லிக் காம்பைத் தூக்கி எறியாதீர்கள். இலையை விட அதில்தான் ரசத்துக்கு ஏற்ற மணம் என்பேன்.

7. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடி ஒன்றின் வேரில் வடியும் பால். 2020-இல்தான் இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அதை நட்டுப் பயிராக்கும் முயற்சி தொடங்கியது. கடைப் பெருங்காயத்தில் கோந்தும் மாவும் கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். காலியான டப்பாவைக் கழுவிவிடாதீர்கள், அதில் இட்லிப் பொடியைப் போட்டு வைத்தால் பெருங்காயம் தனியாகச் சேர்க்காமலே மணக்கும்.

8. புளி கரைத்த சக்கையோடு துளி உப்பு சேர்த்துத் தேய்த்தால் பித்தளை விளக்கும் செம்புச் சொம்பும் பளிச்சென்று ஆகும். தேய்த்ததும் கழுவித் துடைத்துவிட வேண்டும், ஈரத்தோடு விட்டால் மறுபடி கறுக்கும்.

9. அரிசி களைந்த முதல் தண்ணீர் செடிக்கு, இரண்டாவது தண்ணீர் குழம்புக்கு. செட்டிநாட்டு வீடுகளில் மண்டி என்று ஒன்று வைப்பார்களே, அதற்கு உயிரே இந்தக் கழுநீர்தான். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயை நல்லெண்ணெயில் வதக்குங்கள். வெண்டைக்காயைச் சேர்த்து வழவழப்பு போகும் வரை புரட்டி, கழுநீரில் கரைத்த புளியை ஊற்றி உப்புப் போட்டுக் கொதிக்க விடுங்கள். அரிசி மாவுச்சத்து குழம்பைத் தானாகக் கெட்டியாக்கும். தேங்காய் வேண்டாம், அரைக்கும் வேலையும் வேண்டாம். மறுநாள் தயிர்ச் சோற்றுக்கு இதைத் தொட்டுக்கொண்டால் இன்னும் ருசி.

10. கடுகையும் மிளகாயையும் உப்பையும் சுற்றி அடுப்பில் போட்டுத் திருஷ்டி கழிப்பது வழக்கம். அதே கடுகு தாளிப்பில் வெடிக்காவிட்டால் சாப்பாடே கசக்கும். எண்ணெயில் முதலில் இரண்டு கடுகைப் போட்டு, வெடித்த பிறகு மீதியைப் போடுங்கள். தாளித்துக் கொட்டியதும் கரண்டியைக் குழம்புக்குள் ஒரு முக்கு முக்கி எடுங்கள், ஒட்டியிருக்கும் எண்ணெயும் மணமும் வீணாகாது.

11. சேனைக்கிழங்கு நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கிழங்கில் ஊசி ஊசியாக இருக்கும் நுண்ணிய படிகங்கள்தான் அரிப்புக்குக் காரணம். புளித்தண்ணீரில் வேக வைத்தால் நாக்கில் காறல் தெரியாது.

12. தேங்காயை உடைத்ததும் கண் உள்ள மூடியை முதலில் துருவுங்கள், அதுதான் முதலில் கெடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்வது.

13. காய்க்காரர் கொசுறாகத் தரும் கறிவேப்பிலையைக் கழுவாமல் உருவி, துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஃப்ரிட்ஜில் நாள்படத் தாங்கும். வீட்டில் செடி இருந்தால் புளித்துப்போன மோரில் தாராளமாகத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

14. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று ஊரே சொல்லும். அதன் தோல் மட்டும் ஆகாது என்பது வைத்தியர் சொல். தோலைச் சீவிய சுக்கு 50 கிராம், மல்லி விதை 100 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், ஏலக்காய் நாலைந்து எடுத்து லேசாக வறுத்துப் பொடித்து வையுங்கள். சுக்கை முதலில் குழவியால் நசுக்கிவிட்டால் மிக்ஸி பிளேடு தப்பிக்கும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் பொடி, கருப்பட்டித் துண்டு, தண்ணீர், அவ்வளவுதான். பாலும் வேண்டாம், காபித்தூளும் வேண்டாம்.

15. பங்குனி, சித்திரையில் வேப்பமரம் பூக்கும்போது மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் விடிவதற்குள் பூ உதிர்ந்து கிடக்கும். காம்பும் தூசியும் புடைத்து எடுத்து, மொறுமொறுவென்று காய வைத்து பாட்டிலில் அடைத்தால் வருஷம் முழுக்க வரும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்குப் போக மிஞ்சியதை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு மேலே தூவுங்கள். முன்னாலேயே போட்டுக் கொதிக்க விட்டால் கசப்பு ரசம் முழுக்க இறங்கிவிடும்.