தகட்டில் ஏறும் பொட்டு

பெங்களூருவின் பழைய கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். அங்கும் அதனை அடுத்த பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் ஆகிய இடங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவ்வீடுகளின் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள்தூள் இல்லாத நாள் இராது. அத்தூளைப் பார்க்கும் கண்ணுக்கு ஒரே நிறந்தான் தெரியும். ஆயினும் அந்நிறம் ஒரே பொருளால் வந்ததன்று. குர்குமின் என்னும் பொருளும், அதனோடு நெருங்கிய உறவுடைய வேறு இரண்டு பொருள்களும் சேர்ந்தே மஞ்சளுக்கு நிறம் தருகின்றன. பேராசை கொண்ட வணிகர் ஒருவர் மெட்டானில் மஞ்சள் என்னும் தடைசெய்யப்பட்ட சாயத்தைக் கலந்துவிட்டால், நான்காவதாக ஒரு நிறப்பொருளும் உள்ளே புகுந்துவிடும். கண் அதனையும் மஞ்சள் என்றே காணும்.

தூளைக் கரைத்து அமிலத்தைச் சில துளிகள் விட்டால், அந்தச் சாயம் செவ்வூதா நிறமாக மாறும். ஆனால் வலிய அமிலத்தில் கலப்பற்ற மஞ்சளும் சிவப்பதுண்டு. பழகாத கண் இங்கே எளிதில் ஏமாறும். கலந்து கிடக்கும் பொருள்களை முதலில் தனித்தனியே பிரித்து நிறுத்திவிட்டால் இக்குழப்பம் நீங்கும். அதனை மலிவாகவும் விரைவாகவும் செய்து தருவதே மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை முறை.

கண்ணாடி அல்லது அலுமினியத் தகட்டின்மேல் சிலிக்கா ஜெல் என்னும் வெண்ணிறப் பொடி மிக மெல்லிய பூச்சாகப் பூசப்படுகிறது. அப்பூச்சின் தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவே. தகட்டின் அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுக்கப்படும். பேனாவால் இழுக்கலாகாது; மையும் ஒரு கலவையே ஆதலால், அதுவும் பிரிந்து மேலே ஏறத் தொடங்கிவிடும். ஆராய வேண்டிய கரைசலை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் தொட்டு, கோட்டின்மேல் சிறு பொட்டாக வைத்து உலரவிடுவர். பொட்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு தெளிவாகப் பொருள்கள் பிரியும்.

பின்னர், அடியில் சிறிதளவு கரைப்பான் ஊற்றிய மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் தகட்டை நிறுத்துவர். கரைப்பானின் மட்டம் பென்சில் கோட்டிற்குக் கீழே இருத்தல் வேண்டும். இல்லையேல் பொட்டு குடுவையிலேயே கரைந்து போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கரைப்பான் பூச்சின் வழியே மேலேறும். பொட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் சிலிக்கா ஒருபுறம் பற்றி நிறுத்த முயலும். கரைப்பான் மறுபுறம் உடன் அழைத்துச் செல்ல முயலும். சிலிக்கா இறுகப் பற்றிய பொருள் பின்தங்கும். தளர்வாகப் பற்றிய பொருள் முன்னேறும். மஞ்சள்தூளின் கரைசலைக் குளோரோபாமுடன் சிறிது மெத்தனால் சேர்ந்த கரைப்பானில் ஏறவிட்டால், தகட்டில் மூன்று மஞ்சள் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அவற்றுள் மேலே நிற்பது குர்குமின். மெட்டானில் மஞ்சள் நீரை நாடும் சாயம். சிலிக்கா அதனை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதால் அது தொடக்கக் கோட்டின் அருகிலேயே தங்கிவிடும்.

பொட்டு சென்ற தொலைவைக் கரைப்பான் சென்ற தொலைவால் வகுத்தால் கிடைக்கும் எண் ஆர்.எஃப். மதிப்பு எனப்படும். கரைப்பான் 8 செ.மீ. ஏறியபோது ஒரு பொட்டு 6 செ.மீ. ஏறியிருந்தால், அதன் ஆர்.எஃப். மதிப்பு 0.75. இம்மதிப்பு எந்நாளும் மாறாத ஒன்று எனக் கருதலாகாது. சிலிக்கா காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலத்துப் பெங்களூருவில் ஏறும் உயரம் கோடைக்காலத்து உயரத்திற்கு ஒத்திராது. ஆகவே, ஐயத்திற்குரிய பொருளின் அருகிலேயே, அதே தகட்டில், அறிந்த தூய பொருளையும் பொட்டாக வைத்து இரண்டையும் ஒருங்கே ஏற்றுவர். ஈரம் இரண்டையும் ஒன்றாகவே பாதிக்குமாதலால் ஒப்பீடு பிழைபடாது.

இத்தகைய பிரிகைக்கு முதலில் வழிகாட்டியவர் மிகயில் ஸ்வெட் என்னும் உருசியத் தாவரவியலாளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுண்ணப்பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றிப் பச்சையும் மஞ்சளுமான பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார். 1906இல் இம்முறைக்கு 'வண்ண எழுத்து' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். உருசிய மொழியில் ஸ்வெட் என்பதற்கும் வண்ணம் என்றே பொருள் என்பது சுவையான செய்தி.

தாளைக் கொண்டு பிரிக்கும் முறை பின்னர்ப் பரவியது. அதில் பெங்களூருவுக்கும் பங்குண்டு. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜெயமகால் சாலை வழியே மேற்கே சென்றால் சில கிலோமீட்டர் தொலைவில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. அங்கே உயிர்வேதியியல் பேராசிரியராக விளங்கிய கே. வி. கிரி, 1950களின் தொடக்கத்தில் வட்டத்தாள் வண்ணப்பிரிகை முறையை வளர்த்தெடுத்தார். வட்டமான வடிதாளின் நடுவிலிருந்து கரைப்பான் எல்லாத் திசைகளிலும் பரவ, அமினோ அமிலங்கள் வளைகோடுகளாகப் பிரிந்து நின்றன. பல மாதிரிகளை நடுவைச் சுற்றி வைத்து ஒரே தாளில் ஒப்பிட முடிந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

தாளுக்கு மாற்றாக மெல்லிய பூச்சைப் பயன்படுத்தும் எண்ணம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1938இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலவ், ஷ்ரைபர் என்னும் இருவர் மூலிகைச் சாறுகளை அவ்வாறு பிரித்தனர். உலகம் அதனைக் கவனிக்கவில்லை. செருமானியரான ஏகான் ஸ்டால் 1950களின் பிற்பகுதியில் பூச்சுப் பொடியையும் கருவிகளையும் ஒரே சீராக்கிய பின்னரே இம்முறை எங்கும் பரவியது. உதிரும் சிலிக்காவைத் தகட்டோடு பிணைக்க அவர் சேர்த்த பொருள் ஜிப்சம்.

இம்முறையின் தேவையைத் தில்லி 1998ஆம் ஆண்டு கொடிய வகையில் உணர்ந்தது. கடுகு எண்ணெய் உண்ட பலருக்குக் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறியது, இதயம் தளர்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டுத் தரிசு நிலங்களிலும் மஞ்சள் பூவோடு முள்ளடர்ந்து நிற்கும் பிரம்மத்தண்டின் விதை, பார்வைக்குக் கடுகையே ஒத்தது. அதன் எண்ணெயே கடுகு எண்ணெயில் கலந்திருந்தது. அதிலுள்ள நஞ்சு சாங்குவினாரின். அமிலச் சோதனைகள் கலப்பு மிகுதியாக இருந்தால்தான் நிறம் காட்டும். மெல்லிய அடுக்கு முறையோ நஞ்சினை எண்ணெயிலிருந்து பிரித்துத் தனிப் பொட்டாக நிறுத்துகிறது. புறஊதா ஒளியில் அப்பொட்டு ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே மிகச் சிறிய கலப்பும் வெளிப்படும். நிறமற்ற பிற பொருள்களைக் காண அயோடின் ஆவியும், அமினோ அமிலங்களைக் காண நின்ஹைட்ரினும் உதவும்.

மூலிகை மருந்தில் சரியான மூலிகைதான் உள்ளதா என்பதையும், நஞ்சுண்டு இறந்தவரின் உடலில் பூச்சிக்கொல்லி உள்ளதா என்பதையும் அறிய இன்றும் இம்முறை கையாளப்படுகிறது. எனினும் இரண்டு பொட்டுகள் ஒரே உயரத்தில் நிற்பதால் மட்டும் அவை ஒரே பொருள் ஆகிவிடா. வெவ்வேறு பொருள்கள் தற்செயலாக ஒரே உயரம் ஏறக்கூடும். அதனால் வேறொரு கரைப்பானிலும் ஏற்றிப் பார்ப்பர். வழக்கு மன்றம் வரை செல்லும் செய்தியாயின், வேறு கருவியாலும் உறுதி செய்வர். உயரம் ஒத்தால் ஐயம் வலுப்படும். ஒவ்வாவிட்டால், ஒரே தகட்டில் ஏறிய அவ்விரண்டும் வெவ்வேறு என்பது அப்போதே தெளிவாகிவிடும்.

பயிற்சி

1. தொடக்கக் கோட்டைப் பென்சிலால் இழுப்பதன் காரணம் யாது?

2. அறிந்த தூய பொருளையும் அதே தகட்டில் வைப்பது ஏன்? பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

3. பிரித்து எழுதுக: தொடக்கக்கோடு, சுண்ணப்பொடி, பேராசை.

4. கருநிற ஸ்கெட்ச் பேனாவால் வடிதாளில் ஒரு புள்ளி வைத்து, தாளின் அடி நீரைத் தொடுமாறும் புள்ளி நீருக்கு மேலே இருக்குமாறும் நிறுத்துக. பிரிந்து வரும் நிறங்களையும் ஒவ்வொன்றின் ஆர்.எஃப். மதிப்பையும் குறிப்பேட்டில் எழுதுக.