சைக்கிள் பாதை சாலையைத் தொடும் இடத்தில்

என் 11 வயது மகன் பூங்கா இணைப்புப் பாதை வழியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். நடப்பவர்களுக்கும் அதே பாதைதான். நடுவே ஒரு கார் சாலையைக் கடக்க வேண்டும். பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பாதையை மாற்ற வேண்டாம் அம்மா, கடக்கும் முறையைப் பழக்குங்கள். இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம். ஆனால் சாலை விளிம்பில் நின்று, பார்த்து, நடை வேகத்தில்தான் கடக்க வேண்டும். 2019 முதல் அதுவே சட்டம்.

பிரேக் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றட்டும். வலம், இடம், மறுபடி வலம் பார்க்கட்டும். கடக்கும் இடம் நோக்கித் திரும்பும் வண்டி இருந்தால், அது முழுதாக நின்ற பிறகே மிதிக்கட்டும். நடப்பவர்களை முந்தும்போது தூரத்திலேயே மணி அடித்து, வேகத்தைக் குறைக்கட்டும்.

ஒருநாள் காலை நீங்களும் உடன் போய், அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். புதர் மறைக்கிறதா? படமெடுத்து, பொதுவிடக் குறைகளைத் தெரிவிக்கும் ‘ஒன்சர்வீஸ்’ செயலியில் அனுப்புங்கள். கார்கள் வேகமாக வந்தால், கடக்கும் இடத்தைப் பாதை மட்டத்துக்கு உயர்த்தித் தரும்படி கேளுங்கள். மேடு ஏற வேண்டியிருந்தால் எந்த ஓட்டுநரும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

சில நாள் கூடவே போய்ப் பழக்குங்கள். பிறகு தைரியமாகத் தனியே அனுப்பலாம்.