பழைய சிறு எஞ்சின்கள்: டேங்கைச் சீர்செய்வதும் உதிரிபாகம் தேடுவதும்

கிணற்று நீர் இறைக்கவும், புல் வெட்டவும், வயலுக்கு மருந்து தெளிக்கவும், பண்ணை வீட்டுக்கு விளக்கெரிக்கவும் கடந்த நூற்றாண்டில் உழைத்த சிறு எஞ்சின்கள் பல இன்னும் கொட்டகைகளில் கிடக்கின்றன. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் உருவான வில்லியர்ஸ், டர்ஸ்லியில் 1926-ல் வெளிவந்த லிஸ்டர் டி, அமெரிக்காவின் மில்வாக்கியிலிருந்து வந்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் ஆகியவை இவற்றில் பெயர்போனவை. சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியாவும் வில்லியர்ஸ் எஞ்சின்களைத் தயாரித்ததால் தமிழ்நாட்டுக்கும் இவை அந்நியமல்ல.

வார்ப்பிரும்பு சிலிண்டர் பல ஆண்டு கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மெல்லிய தகட்டில் செய்த டேங்குக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. அடியில் தேங்கிய நீர் துருவாகிறது; ஆவியான பெட்ரோல் அரக்குபோல் படிகிறது; இரண்டும் சேர்ந்து கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கின்றன. ஆகவே சீரமைப்பு டேங்கிலிருந்தே தொடங்க வேண்டும். டேங்கைத் தொடாமல் புது கார்புரேட்டர் வாங்கிப் பொருத்துவது பணத்தை வீணாக்கும் வேலை.

திறப்பதற்கு முன்

பெட்ரோல் நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியே போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, தள்ளியிருக்கும் அடுப்பையும் எட்டும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த டேங்கும் விதிவிலக்கல்ல. படிந்த பிசின் சூடுபட்டால் மீண்டும் ஆவியாகும். எனவே கழுவாத டேங்கின் அருகே கேஸ் வெல்டிங், கிரைண்டர், பீடி எதுவும் கூடாது.

வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். கையுறை கட்டாயம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை முடிந்தது. அதற்கு முன் ஓடி நின்ற எஞ்சினின் டேங்க் படிவில் ஈயம் இருக்கக்கூடும். கழுவிய கசடைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல் தனி டப்பாவில் சேர்த்து, பழைய ஆயிலை வாங்கும் பட்டறையில் ஒப்படைப்பது முறை.

பிசின் முதலில், துரு பிறகு

டேங்க் எதனால் ஆனது என்று காந்தம் வைத்துப் பார்ப்பது முதல் சோதனை. காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளை, செம்பு அல்லது அலுமினியம். அதற்குத் துரு நீக்கும் மருந்து எதுவும் தேவையில்லை. ஒட்டினால் இரும்புத் தகடு. மூட்டுகள் வெல்டிங் செய்யப்பட்டவையா, ஈயப்பற்று வைத்தவையா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். மூட்டோரத்தில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான கோடு தெரிந்தால் அது ஈயப்பற்று. வழக்கமான ஈயப்பற்று 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும் என்பதால் அத்தகைய டேங்கின் பெயின்ட்டை புளோ லாம்ப் வைத்து எரித்து நீக்கக் கூடாது.

பிசின் இருக்கும்வரை துரு மருந்து இரும்பைத் தொடாது. அசிட்டோன் அல்லது பெயின்ட் தின்னரைக் கால் பங்கு ஊற்றி, மூடியை இறுக்கி, ஓரிரு நாள் டேங்கை வெவ்வேறு பக்கமாகப் புரட்டி வைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். வெளிப் பெயின்ட் பழைமையானது, காப்பாற்றத் தகுந்தது என்றால் ஒரு சொட்டும் வெளியே வழியக் கூடாது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களின் டேங்கில் எண்ணெய்ப் படலம் தங்கியிருக்கும். அதற்குப் பாத்திரம் துலக்கும் சோப்புநீரும் வெந்நீரும் போட்டு இரண்டு மூன்று முறை குலுக்கிக் கொட்ட வேண்டும்.

துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது என்றால் முதலில் அதை அடித்து இறக்க வேண்டும். உள்ளே போட்டுக் குலுக்கப் பலர் போல்ட், நட்டுகளை எடுப்பார்கள். டேங்குக்குள் தடுப்புத் தகடு இருந்தால் அவை அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஒரு முழ நீளச் சிறு சங்கிலியே மேல். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதும் வந்துவிடும். நட்டுதான் போடுவது என்றால் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும்.

மிச்சத் துருவுக்கு நல்ல இரும்பைத் தின்னாத முறை மின்பகுப்பு. ஐந்து லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்து, பெட்ரோல் ஆவிக்கு இடமில்லாதபடி டேங்கைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். வாய் வழியே ஒரு சாதாரண இரும்புக் கம்பியை, டேங்கை எங்கும் தொடாதபடி, துளையிட்ட ரப்பர் அல்லது மரத்துண்டில் பொருத்தித் தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்கே கரையத் தொடங்கும். இக்காலத் தானியங்கி சார்ஜர்கள் சில, பேட்டரி இல்லாவிட்டால் மின்சாரம் விடாது. பழைய வகை சார்ஜரே இதற்குப் பொருத்தம்.

எவர்சில்வர் கம்பி போடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சாகும். உப்பும் சேர்க்கக் கூடாது, குளோரின் கிளம்பும். வேலையின்போது ஹைட்ரஜன் வெளியேறுவதால் வாயை இறுக்கி அடைக்காமல் வழி விட வேண்டும். சார்ஜரின் சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். கம்பியில் துரு அப்பிக்கொள்ளும்போது எடுத்துச் சுரண்டி மீண்டும் இறக்க வேண்டும். கம்பிக்கு நேர் எதிரே உள்ள இடங்களே நன்கு சுத்தமாகும் என்பதால் கம்பியைச் சற்று வளைத்து இடம் மாற்றுவது நல்லது. அலுமினிய டேங்குக்கு இந்த முறை ஆகாது; சோடாக் கரைசல் அலுமினியத்தையே அரித்துவிடும்.

மின்பகுப்புக்கு வசதி இல்லையென்றால் சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் பொடியை லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஓர் இரவு வைத்தால் மிதமான துரு போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டைப் பலர் பரிந்துரைப்பது வழக்கம். அது துருவோடு தகட்டையும் துத்தநாகப் பூச்சையும் ஈயப்பற்றையும் சேர்த்துத் தின்னும். காய்வதற்குள் புதுத் துருவும் பிடிக்கும். அதைத் தவிர்ப்பதே சரி.

அமிலத்தைக் கொட்டியதும் ஆப்ப சோடாக் கரைசலால் அலசி, வெந்நீரில் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பத்து நிமிடம் விட்டாலும் செம்மை படரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் விட்டுச் சுழற்றிக் கொட்டினால் மீந்த நீரை அது இழுத்துக்கொள்ளும். அந்த ஆவி முழுதும் போகும்வரை வெயிலில் வைத்து, பிறகு தலைமுடி உலர்த்தும் கருவியின் காற்றை விட்டுக் காயவைத்து, டூ-ஸ்ட்ரோக் ஆயில் சில சொட்டு பூசி மூடினால் துரு திரும்பாது.

ஓட்டை அடைப்பு

கசிவு பார்க்க டேங்கில் காற்றேற்றி வெளியே சோப்புநீர் தடவுவார்கள். அழுத்தம் 1 அல்லது 2 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது. 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டின் மீது 1 பிஎஸ்ஐ என்பதே 42 கிலோ எடை ஏறியதற்குச் சமம். கம்ப்ரஸர் ஓஸை அப்படியே வைத்தால் டேங்க் உப்பி, ஒருபோதும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. சைக்கிள் பம்பு போதும்.

ஊசித் துளைகளுக்கு ஈயப்பற்றே சிறந்த மருந்து. தனியிடத்தில் சுட்டெடுத்த கனமான செம்புச் சூட்டுக்கோலால், நேரடித் தீ படாமல், அதை வைக்க வேண்டும். நன்றாகக் கழுவிய டேங்காக இருந்தாலும், துளைக்குச் சற்றுக் கீழே வரை நீர் நிரப்பி ஆவிக்கான இடத்தைக் குறைத்துக்கொள்வது வழக்கம். ரேடியேட்டர் பட்டறைக்காரர்களுக்கு இது அன்றாட வேலை. பழக்கமில்லாதவர் அவர்களிடம் கொடுத்துவிடலாம், உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லி. விரல் அழுத்தினால் தகடு பொடிகிறது என்றால் பற்று வைத்துப் பயனில்லை. அந்தப் பகுதியை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும்.

உட்பூச்சு பற்றி ஒரு சொல். டேங்கின் உள்ளே ஊற்றிச் சுழற்றும் சீலர்களை எல்லா டேங்குக்கும் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. கசிவில்லாத, வெறும் மேல்துரு மட்டும் இருந்த டேங்குக்கு அது வேண்டாம். சரியாக ஒட்டாத பூச்சு பின்னாளில் தோல்தோலாக உரிந்து, துருவைவிட மோசமாகக் குழாயை அடைக்கும். அதை அகற்றுவது பெரும்பாடு. பல ஊசித் துளைகள் இருந்தால் மட்டும், இரண்டு கலவைகளைச் சேர்த்துப் பூசும் எபாக்சி வகையை, டேங்க் முற்றிலும் உலர்ந்த பின் பயன்படுத்தலாம். காக் திருகும் மரையில் கிரீஸ் தடவிய பழைய போல்ட்டை மாட்டிவிட்டால் மரை அடைபடாது. எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இந்தியப் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு. அந்தக் காலச் சீலர்கள் இதில் இளகிவிடும். அரக்குப் பூசிய தக்கை மிதவையும் அப்படியே. கார்புரேட்டரில் அது இருந்தால் மாற்ற வேண்டும்.

காக், மூடி, ஓஸ்

எஞ்சின் கிளம்பிக் கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்று, மூடியைத் திறந்ததும் மறுபடி கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்தினால் தீரும்.

பெட்ரோல் காக்கில்தான் ஏமாற்றம் அதிகம். பிரிட்டிஷ் டேங்குகளில் கால் அங்குலம் அல்லது எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பி மரை வழக்கம். அமெரிக்க எஞ்சின்களில் என்பிடி மரை. எட்டில் ஒரு அங்குலத்தில் பிஎஸ்பி-க்கு அங்குலத்துக்கு 28 மரை, என்பிடி-க்கு 27. ஒன்றை மற்றதில் திருகினால் இரண்டு மூன்று சுற்று இனிதாக ஏறி, பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நம்பினால் கசியும், மேலும் முறுக்கினால் மரை போகும். இந்தியாவிலும் இலங்கையிலும் தண்ணீர்க் குழாய் வேலைக்கு பிஎஸ்பி மரையே பயன்படுகிறது. ஆகவே பிரிட்டிஷ் டேங்குக்கான பித்தளை நிப்பிள் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். தக்கை வைத்த பழைய காக் காய்ந்து சுருங்கியிருந்தால் வெந்நீரில் ஊறவைத்தால் சிறிது காலம் பிழைக்கும். எத்தனால் தாங்கும் ரப்பர் வளையம் நிலையான தீர்வு. ஓஸும் அந்த ரகமாகவே இருக்கட்டும்.

உதிரிபாகம்

எஞ்சினின் பெயரைச் சொல்லிக் கடை கடையாகக் கேட்பதுதான் பொதுவான தவறு. "வில்லியர்ஸ் பேரிங் இருக்கா?" என்ற கேள்விக்கு இல்லை என்றே பதில் வரும். கழற்றிய பாகத்தின் மேலுள்ள எண்ணையோ வெர்னியரில் எடுத்த அளவையோ சொன்னால் அதே கடையில் பாகம் இருக்கும்.

எஞ்சினின் அடையாளம் முதலில் தெரிய வேண்டும். வில்லியர்ஸில் எஞ்சின் எண்ணின் முன்னொட்டே எந்த வகை என்று காட்டும். லிஸ்டரில் பித்தளைத் தகட்டில் வரிசை எண் இருக்கும். பிரிக்ஸில் மாடல், டைப், கோடு என மூன்று எண்கள் அடித்திருக்கும். கோடு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்தவை மாதமும் நாளும். 720515 என்று தொடங்கினால் அது 1972 மே 15-ல் செய்தது. இவற்றை வைத்து உதிரிபாகப் பட்டியல் புத்தகத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பேரிங், ஆயில் சீல் இரண்டையும் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்ற மூன்று அளவால் வாங்கலாம். அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கலங்காமல் பார்க்க வேண்டும். 6204 பேரிங் 20, 47, 14 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் முக்கால் அங்குல பேரிங் 19.05, 47.63, 14.29. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. ஸ்பார்க் பிளக்கில் 14 மில்லிமீட்டரா, 18 மில்லிமீட்டரா என்பதோடு மரையின் நீளமும் பொருந்த வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும். கன்டென்சர் பெரும்பாலும் 0.2 மைக்ரோஃபாரட் அளவே. பாயின்ட் செட் உள்ள வேறு வண்டியின் கன்டென்சரும் உதவும். ரிங்குக்கு சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் பள்ளத்தின் அகலமும் வேண்டும். வேறு எஞ்சினின் ரிங் பொருந்தினால் முனை இடைவெளியை, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 0.004 அங்குலம் வீதம், அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். பேக்கிங்கை ஷீட் வாங்கி வெட்டிக்கொள்வதே எளிது. ஆனால் பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் நனைத்த பிறகே சுரண்ட வேண்டும்.

சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கோவையில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள், கொழும்பில் பஞ்சிகாவத்தை ஆகியவை தேடலுக்கு உரிய இடங்கள். காயலான் கடையில் உடைந்த முழு எஞ்சின் எடைக்குக் கிடைத்தால், ஒரு பாகத்துக்காக என்றாலும் வாங்கிவிடுவது லாபம். லிஸ்டரின் பழைய சிஎஸ் டீசல் எஞ்சின்களுக்குத் தேடுபவர் ராஜ்கோட்டை மறக்கக் கூடாது. அங்கே அவற்றின் நகல்கள் நெடுங்காலம் தயாராகி, பாகங்கள் இங்கிலாந்துக்கே சென்றன. எங்கும் கிடைக்காத புஷ், ஷாஃப்ட், லிவர் போன்றவற்றுக்கு லேத் பட்டறை இருக்கிறது. வார்ப்புப் பாகத்துக்கு கோவை வட்டாரத்தின் சிறு ஃபவுண்டரிகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

புதுப் பாகம் பொருந்தி, எஞ்சின் சில மணி நேரம் ஓடிக் காட்டும்வரை, தேய்ந்ததோ உடைந்ததோ, கழற்றிய பழைய பாகம் எதையும் எறிய வேண்டாம். லேத்காரருக்கு அளவெடுக்க வேறு மாதிரி கிடையாது.